எழுபத்தைந்துக்குக் கீழே

காலை ஏழு மணிக்கு எண்பத்தெட்டு. நேற்று இதே நேரம் எண்பத்தேழு. நோட்டில் எழுதினேன். கெட்டிலைப் போட்டேன். தண்ணீர் கொதிப்பதற்குள் மறுபடி போய்ப் பார்த்தேன். எண்பத்தெட்டுதான்.

எங்களுடையது மரவீடு. லான்செஸ்டனில் இன்வர்மே பக்கம் எல்லா வீடும் அப்படித்தான், தரைமட்டத்திலிருந்து இரண்டடி தூக்கிக் கட்டியவை. ஆற்றங்கரைச் சதுப்பில் வேறு எப்படிக் கட்டுவது? பின்னறை மட்டும் கான்கிரீட். ஐம்பதுகளில் யாரோ பின்வராந்தாவைச் சுவர் வைத்து அடைத்து, மண்ணின் மேலேயே கான்கிரீட்டைக் கொட்டிவிட்டுப் போயிருக்கிறார். அடியில் பிளாஸ்டிக் விரிப்பு கிடையாது. அந்தக் காலத்தில் யாரும் போட்டதில்லை. மண்ணின் ஈரம் நேராக மேலே ஏறி வருகிறது.

அந்தத் தரைக்கு என் மனைவி எலின் மஞ்சள் பெயிண்ட் அடித்தாள். அப்போது எட்டு மாதக் கர்ப்பம். குழந்தைக்கு அந்த அறைதான், காலை வெயில் அங்கேதான் விழுகிறது என்றாள். ஓதம் ஏறும் தரையில் பெயிண்ட் நிற்காது என்று எனக்குத் தெரியும். சொல்லவில்லை. வாஷிங் மெஷின் நின்ற மூலையில் மட்டும் அவளால் குனிய முடியவில்லை. அங்கே ஒரு சதுரம் சாம்பல் நிறமாகவே நின்றுவிட்டது. நான் முடித்துவிடுகிறேன் என்றேன். முடிக்கவில்லை.

முதல் குளிர்காலத்திலேயே பெயிண்ட் கொப்புளித்தது. கொப்புளத்தை விரலால் அழுத்தினால் உள்ளே வெள்ளையாக, பஞ்சு மாதிரி, உப்பு.

பிப்ரவரியில் எலின் இறந்தாள். மூளையில் ஒரு ரத்தக் குழாய். சூப்பர்மார்க்கெட்டின் கார் நிறுத்துமிடத்தில். வயது முப்பத்தொன்று.

ஜூனில், குளிர்காலம் தொடங்கியதும், எங்கள் மகள் பிப்பாவுக்கு மூச்சு இழுத்தது. ஒன்றே முக்கால் வயது. இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தோம். டாக்டர் என் போனில் இருந்த பின்னறைப் படத்தைப் பார்த்துவிட்டு, "இந்த ரூம்ல குழந்தையைப் படுக்க வைக்காதீங்க" என்றார். எலினின் அம்மா கோரல் ஆஸ்பத்திரி வாசலிலேயே சொன்னார்.

"தரையைச் சரி பண்ணு, கண்ணு. அதுவரைக்கும் அவ என்கிட்ட இருக்கட்டும்."

கோரல் இருப்பது அல்வர்ஸ்டனில். கடற்கரை ஊர், காரில் ஒன்றேகால் மணி நேரம். சரி என்றேன். குழந்தை சீட்டை என் காரிலிருந்து கழற்றி அவர் காரில் மாட்டிக் கொடுத்தேன்.

அது ஏழு வாரத்துக்கு முன்.

அளப்பதுதான் என் தொழில். ஆறுகளின் நீர்மட்டத்தைக் கருவிகளில் பார்த்துப் பதிவு செய்யும் அலுவலகம். தரையில் ஒட்டும் வினைல் விரிப்பு விற்கும் கடையில் கேட்டேன். தரையில் ஈரம் நூற்றுக்கு எழுபத்தைந்துக்குக் கீழே வந்தால் வினைல் ஒட்டலாம், பெயிண்ட் மேலேயே ஒட்டலாம் என்றார்கள். ஓர் ஈரமானி வாங்கினேன். ஒரு பிளாஸ்டிக் பெட்டியைத் தரையில் கவிழ்த்து, ஓரமெல்லாம் டேப் போட்டு ஒட்டி, ஈரமானியை உள்ளே வைத்தேன். காற்றிலிருந்து ஈரம் உறிஞ்சும் இயந்திரம் ஒன்றையும் வாங்கி ஓடவிட்டேன். அதன் தொட்டியை நாளுக்கு இரண்டு முறை கொட்டுவேன். எத்தனை லிட்டர் என்று எழுதுவேன். அலுவலகத்தில் விடுமுறை நீட்டித்தார்கள். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை.

முதல் வாரம் தொண்ணூற்றி நான்கு. மூன்றாம் வாரம் எண்பத்தாறு. அங்கேயே நின்றுவிட்டது. எண்பத்தைந்து, எண்பத்தெட்டு, எண்பத்தாறு. பக்கத்து டேமர் ஆற்றில் கடலேற்றம் வரும், நாளுக்கு இரண்டு முறை கடல்நீர் ஏறும். ஏற்றம் பெரிதாக இருக்கும் நாட்களில் தரையும் ஒன்றிரண்டு கூடியது. அதைக் கண்டுபிடித்ததும் ஏற்ற நேர அட்டவணையை ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிவைத்தேன். ஒவ்வோர் ஏற்றத்துக்கும் போய்ப் பார்த்தேன். நடுவில் ஆற்றங்கரைத் தடுப்புமேட்டில் நடந்தேன். வீட்டுக்கு வந்தேன். தொட்டியைக் கொட்டினேன். சமையலறையில் நின்றுகொண்டே சாப்பிட்டேன். உட்கார்ந்தால் உடனே எழ வேண்டியிருந்தது. தூக்கம் சோபாவில். நானும் எலினும் படுத்த முன்னறையின் கதவை மார்ச் மாதம் சாத்தினேன்.

சனிக்கிழமைகளில் அல்வர்ஸ்டன் போவேன். பிப்பா கோரலின் கால்களுக்குப் பின்னால் நின்று என்னைப் பார்ப்பாள். ஜூன் மாதம் கோரலை "அம்மா" என்று கூப்பிட்டாள். கோரல் உடனே திருத்தினார். "பாட்டி. சொல்லு, பாட்டி." ஜூலையில் ஒரு நாள் அதே மாதிரி கூப்பிட்டாள். கோரல் திருத்தவில்லை. "என்னடா செல்லம்" என்று குனிந்தார். நான் வாசலில் நின்று ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை கோரல் போன் செய்தார்.

"ரோவன், இங்க குழந்தைங்க காப்பகத்துல ஒரு இடம் காலியாகியிருக்கு. வருஷக்கணக்கா காத்துட்டு இருக்கிறவங்க இருக்காங்க. நமக்குக் குடுக்கறேங்கறாங்க. அடுத்த திங்கட்கிழமைக்குள்ள பதில் சொல்லணும்."

"சேர்த்தா?"

"சேர்த்தா இங்கதான். இந்த வருஷமும் அடுத்த வருஷமும்." கோரலே தொடர்ந்தார். "ஞாயித்துக்கிழமை அவளைக் கூட்டிட்டு வர்றேன். தரையைப் பாக்கறேன். சரியா இருந்தா விட்டுட்டு வர்றேன். இல்லன்னா சேர்த்துடறேன். என்ன சொல்ற?"

"சரி" என்றேன்.

போனை வைத்துவிட்டு ஈரமானியைப் பார்த்தேன். எண்பத்தேழு.

ஹார்டுவேர் கடைப் பலகையில் தரை வேலை செய்பவர் அட்டை ஒன்று குத்தியிருந்தது. ஜஸிந்தா பைபஸ். கூப்பிட்டேன். புதன்கிழமை காலை பத்து மணிக்கு வந்தாள். என் வயதுதான் இருக்கும், என்னைவிட உயரம். கையில் பாதி தின்ற ஸ்காலப் பை, சிப்பிக் கறி வைத்துச் சுட்ட பண்டம். நேராகப் பின்னறைக்குப் போனாள். இயந்திரத்தைப் பார்த்தாள், கவிழ்த்த பெட்டியைப் பார்த்தாள், ஜன்னல் கட்டையில் இருந்த நோட்டை எடுத்தாள். பக்கம் பக்கமாகப் புரட்டினாள்.

"வாத்தியாரா நீ?"

"இல்ல. ஆத்துல தண்ணி அளக்கிறேன்."

"வாத்தியாரேதான்." இன்னொரு பக்கம் புரட்டினாள். "இதென்ன, படம் எல்லாம் வரைஞ்சிருக்க?"

"கடலேற்றத்தோட ஒப்பிட்டது."

"அட கடவுளே." பையை ஒரு கடி கடித்தாள். "மொத்தம் எவ்வளவு தண்ணி எடுத்திருக்க?"

"இருநூத்திப் பதினாலு லிட்டர்."

"அது எங்கேருந்து வந்துச்சு?"

நான் இயந்திரத்தின் தொட்டியைப் பார்த்தேன்.

"சொல்லு வாத்தியாரே. கஷ்டமான கேள்வி இல்ல."

"கீழேருந்து."

"கீழ என்ன இருக்கு?"

"மண்ணு. அதுக்குக் கீழ ஆத்துத் தண்ணி."

"அப்ப நீ தரையைக் காயவைக்கல. டேமர் ஆத்துல ஸ்ட்ராவைப் போட்டு உறிஞ்சிட்டு இருக்க. எப்ப வத்தும்னு முன்னாடியே சொல்லிடு, நான் என் படகை வித்துடறேன்."

எனக்குத் தெரிந்த விஷயம்தான். நிலத்தடி நீரைப் பற்றி இரண்டு வருடம் படித்திருக்கிறேன். அடைப்பில்லாத தரையின் மேல் காற்றைக் காயவைத்தால் கீழிருந்து இன்னும் வேகமாக ஏறும். பரீட்சையில் கேட்டிருந்தால் எழுதியிருப்பேன்.

"எழுபத்தஞ்சுக்குக் கீழ வரவே வராதா?"

"நீ செத்து, நான் செத்து, இந்த வீடு விழுந்தாலும் வராது." சொன்ன பிறகு தரையில் குந்தி ஒரு கொப்புளத்தை நகத்தால் கிள்ளினாள். "ஈரம் இருக்கட்டும், அதுக்கு இடம் அது. நாம மேல வராம மூடணும், அவ்வளவுதான். எபாக்ஸி, கல்லா இறுகுற பூச்சு, ரெண்டு கோட். ஈரத் தரையிலயே ஒட்டும், அதுக்குத்தான் அதைக் கண்டுபிடிச்சான். ஏழு வாரத்துக்கு முன்னாடி கூப்பிட்டிருந்தா அப்பவே முடிச்சிருப்பேன்."

"ஞாயித்துக்கிழமைக்குள்ள முடியுமா?"

"வினைல் முடியாது. ரெண்டு கோட்டும் முடியும். ஆனா இந்த மஞ்சள் பூரா போகணும்."

"பெயிண்ட் மேலயே அடிக்க முடியாதா?"

"பெயிண்ட் மேல அடிச்சா பெயிண்டோட சேர்ந்து உரிஞ்சு வரும். வெறும் கான்கிரீட் வேணும். தரை தேய்க்கிற கிரைண்டர் போட்டுச் சொரசொரன்னு ஆக்கணும், அப்பத்தான் பிடிக்கும்." நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "யார் அடிச்சது இது?"

"என் மனைவி."

"எங்க அவங்க?"

"இறந்துட்டா. பிப்ரவரில."

"சே." பையைப் பார்த்தாள். மிச்சத்தை வாயில் போட்டுக்கொண்டாள். மென்று முடிக்கும்வரை இரண்டு பேரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். "கலர் நல்ல கலர்" என்றாள். "வேலைதான் படுமோசம்."

ஆறு மாதத்தில் எலினைப் பற்றி யாரும் குறை சொல்லவில்லை. எனக்குச் சிரிப்பு வந்த மாதிரி இருந்தது. வரவில்லை.

"கிரைண்டரை நான் ஓட்டறேன்" என்றேன்.

"ஓட்டத் தெரியுமா?"

"காட்டிக் குடு."

வியாழக்கிழமை ஓட்டினேன். மாஸ்க், காதடைப்பு, கண்ணாடி. புல்வெட்டும் இயந்திரம் மாதிரிதான், தள்ளிக்கொண்டே போக வேண்டும். நின்றால் குழி விழும். அது எனக்குச் சரியாக இருந்தது. இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர். திரும்பி அந்தச் சுவரிலிருந்து இந்தச் சுவர். மஞ்சள் தூளாகி உறிஞ்சுக் குழாய்க்குள் போனது. கீழே சாம்பல், அதற்குள் ஆற்றுக் கூழாங்கற்கள் வெட்டுப்பட்டுத் தெரிந்தன. பன்னிரண்டு சதுர மீட்டர். இரண்டே கால் மணி நேரம். வாஷிங் மெஷின் மூலையில் எலின் அடிக்காமல் விட்ட சதுரத்தைச் சுற்றிக் கடைசியாக ஓட்டினேன். அதற்கும் மற்ற இடத்துக்கும் வித்தியாசம் தெரியாமல் போனது. இயந்திரத்தை நிறுத்திவிட்டு அந்தச் சதுரம் எங்கே ஆரம்பித்தது என்று தேடினேன். கிடைக்கவில்லை.

ஜஸிந்தா எட்டிப் பார்த்தாள்.

"பரவால்லையே வாத்தியாரே. ஆத்தை விட்டுட்டு இதுக்கு வந்துடு."

வெள்ளிக்கிழமை வெடிப்புகளை அடைத்தோம். தூசி எடுத்தோம். மறுபடி தூசி எடுத்தோம். மதியம் முதல் கோட். சுவரில் ஒரு கை அகலத்துக்கு ஏற்றி அடித்தாள், ஓரம் வழியாக ஈரம் திருட்டுத்தனமாக ஏறாமல் இருக்க. அறை கண்ணாடி போட்ட மாதிரி பளபளத்தது. இரண்டாவது கோட்டை இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் அடித்துவிட வேண்டும் என்றாள். அதற்கு மேல் போனால் முதல் கோட் இறுகிவிடும், இரண்டாவது பிடிக்காது.

சனிக்கிழமை காலை ஆற்றின் மேல் பனிமூட்டம் பதினோரு மணிவரை விலகவில்லை. குளிரில் எபாக்ஸி தேன் மாதிரி இறுகும் என்று டின்களைச் சமையலறை ஹீட்டர் பக்கம் வைத்திருந்தோம். சமையலறையில் நான் கலக்குவது, பின்னறையில் அவள் ரோலர் உருட்டுவது என்று ஏற்பாடு. இரண்டு டின் திரவம். ஒன்றோடு ஒன்றைச் சேர்த்ததும் வேலை தொடங்கிவிடும்.

"கலக்கினதும் கொண்டுவந்து தரையில ஊத்திடணும்" என்றாள். "தரையில பரவிட்டா அரை மணி நேரம் தாங்கும். வாளியிலயே நின்னா தன்னைத்தானே சூடாக்கிக்கும். அஞ்சு நிமிஷம் வாளியைக் கட்டிப்பிடிச்சிட்டு நிக்காத. விளங்குதா?"

"விளங்குது."

"திருப்பிச் சொல்லு."

"கலக்கினதும் ஊத்தணும்."

"பாஸ் பண்ணிட்ட."

முதல் வாளி சரியாகப் போனது. ஜன்னல் சுவரிலிருந்து ஆரம்பித்து, பின்னாலேயே நகர்ந்து, கதவுப் பக்கம் வந்துகொண்டிருந்தாள். அடித்த இடத்தில் ஈரம் காய்வதற்குள் உலர்ந்த மணலைக் கைநிறைய அள்ளித் தூவினாள். மேலே போடும் பூச்சு பிடிக்க அது வேண்டும். இரண்டாவது வாளியும் போனது. மூன்றாவது, கடைசி வாளி. கலக்கி முடித்தேன். போன் அடித்தது. கோரல்.

வாளி இடது கையில் இருந்தது. போனை எடுத்தேன்.

"ரோவன், ஒண்ணுமில்ல, பயப்படாத. காப்பகத்துலேர்ந்து ஃபார்ம் அனுப்பியிருக்காங்க. நாளைக்கு அலைய வேண்டாமேன்னு இப்பவே நிரப்பி வைக்கிறேன். அனுப்ப மாட்டேன். காப்பாளர் பேருன்னு ஒரு கட்டம் இருக்கு. என் பேரைப் போடட்டுமா? தினமும் கூட்டிட்டுப் போறது நான்தானே?"

"நாளைக்கு வந்து பாக்கறேன்னு சொன்னீங்க."

"பாப்பேன். அதான் சொன்னேனே, சும்மா நிரப்பித்தான் வைக்கிறேன்."

போனில் பின்னாலிருந்து பிப்பாவின் குரல். "அம்மா! பூட்ஸ்!"

"இதோ வர்றேன் செல்லம். ஒரு நிமிஷம் இரு ரோவன்."

போனைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. கோரல் பூட்ஸ் மாட்டிவிடும் சத்தம். எது இடது, எது வலது என்று கேட்டுக்கொண்டே மாட்டினார். பிப்பா தப்பாகச் சொல்லிச் சிரித்தாள். கோரலும் சிரித்தார். நான் கேட்டுக்கொண்டு நின்றேன். என் பேரைப் போடுங்கள் என்று சொல்ல வேண்டும். அவர் திரும்பி வந்ததும் சொல்ல வேண்டும். வாக்கியத்தை மனதில் தயார் செய்தேன். இரண்டு தடவை மாற்றினேன்.

"ஆங், சொல்லு கண்ணு."

"நாளைக்குப் பேசிக்கலாம்" என்றேன்.

"சரி. சூப்பு கொண்டுவர்றேன்."

போனை வைத்தபோது காலில் சூடாக ஏதோ பட்டது. வாளியின் பக்கம் தொடையில் உரசிக்கொண்டிருந்தது. உள்ளே பழுப்பாகிப் புகை வந்துகொண்டிருந்தது. நாற்றம் தொண்டையை அறுத்தது.

"வாத்தியாரே! எங்க போய்த்..." ஜஸிந்தா சமையலறைக் கதவில் வந்து நின்றாள். "வெளிய எறி! வெளிய!"

பின்வாசலைத் திறந்து புல்லில் எறிந்தேன். வாளி உருகிச் சரிந்தது. புகை வேலியைத் தாண்டிப் போயிற்று. பத்து நிமிஷத்தில் உள்ளே இருந்தது கல்லாகிவிட்டது. ஜஸிந்தா பூட்ஸால் ஒரு தட்டு தட்டினாள்.

"யாரு போன்ல, பிரதமரா?"

"மாமியார்."

"அதுக்கு மேலதான்." நெற்றியைத் துடைத்தாள். "கடை பன்னிரண்டு மணிக்கு மூடியாச்சு. இந்தச் சரக்கு ஹோபார்ட்டிலேர்ந்து வரணும். செவ்வாய்க்கிழமை."

பின்னறைக் கதவில் நின்று பார்த்தோம். அறை முழுக்க மணல் ஒட்டிய சாம்பல் தரை. கதவோரம் மட்டும் ஒரு மீட்டர் அகலத்துக்கு, சுவரிலிருந்து சுவர்வரை, முதல் கோட்டோடு பளபளத்தது.

"ஒரு கோட் இருக்கில்ல?" என்றேன்.

"ஒரு கோட்டுல ஊசி ஓட்டை ஆயிரம் இருக்கும். கணக்குல வராது. செவ்வாய்க்கிழமை இதை மறுபடி சுரண்டி அடிக்கணும்." என்னைப் பார்த்தாள். குரலைத் தாழ்த்தினாள், வீட்டில் வேறு யாரும் இல்லை. "ஒண்ணு பண்ணலாம். இங்கயும் மணலைத் தூவி விட்டுடறேன். ஒட்டாது, ஆனா பாத்தா எல்லாம் ஒண்ணு மாதிரிதான் இருக்கும். மாமியார் நாளைக்கு வந்து பாத்துட்டுப் போகட்டும். செவ்வாய்க்கிழமை நான் வந்து பெருக்கித் தள்ளிட்டு வேலையை முடிச்சுடறேன். யாருக்குத் தெரியப்போகுது?"

மணல் மூட்டையைக் காலால் என் பக்கம் தள்ளினாள். போகும்போது, "உன் இஷ்டம் வாத்தியாரே" என்றாள்.

மூட்டையை எடுத்தேன். வைத்தேன். வெளியே போய் வாளியைப் பார்த்தேன். உள்ளே வந்து கை நிறைய மணலை எடுத்துக்கொண்டு கதவில் நின்றேன். நாலு கைப்பிடி போதும். தடுப்புமேட்டுக்குப் போய் நடந்துவிட்டு வந்தேன். மறுபடி கையில் எடுத்தேன். விரலிடுக்கில் கொஞ்சம் உதிர்ந்தது. கோரல் குனிந்து தொட்டுப் பார்ப்பவர். ஆனால் அதற்காக இல்லை. இந்தத் தரையைப் பற்றித் தெரிந்ததைச் சொல்லாமல் ஏற்கனவே ஒரு தடவை நின்றிருக்கிறேன். மணலை மூட்டையிலேயே கொட்டினேன். உதிர்ந்ததைத் துடைத்தேன்.

ஞாயிறு பதினொன்றுக்குக் கோரலின் கார் வந்தது. பிப்பா சிவப்பு ரப்பர் பூட்ஸ் போட்டிருந்தாள். கோரல் சூப்புப் பாத்திரத்தை அடுப்பின் மேல் வைத்துவிட்டுக் கோட்டைக்கூடக் கழற்றாமல் பின்னறைக்கு நடந்தார். கதவில் நின்றார். பிப்பா அவர் கோட்டைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"முடிஞ்சுதா?"

"இல்ல."

"எவ்வளவு பாக்கி?"

"இந்தக் கதவோரம் ஒரு மீட்டர். செவ்வாய்க்கிழமை. அப்புறம் பூச்சு, அப்புறம் வினைல். இன்னும் ரெண்டு வாரம் ஆகும். நேத்து முடிஞ்சிருக்கும். நான் ஒரு வாளியைப் பாழாக்கிட்டேன்."

அவர் தலையசைத்தார். அறையைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"மஞ்சளைக் காணோம்."

"எடுத்தாச்சு. எடுத்தாத்தான் இது ஒட்டும்."

"அந்த டின்னை நான்தான் வாங்கிக் குடுத்தேன்." கோட்டுப் பையிலிருந்து கைக்குட்டை எடுத்தார். பயன்படுத்தவில்லை. "நிக்காதுன்னு தெரியும் எனக்கு. எங்க வீட்டுத் துணி தோய்க்கிற ரூம்ல ரெண்டு தடவை உரிஞ்சிருக்கு."

"எனக்கும் தெரியும்."

"அவ்வளவு சந்தோஷமா பிரஷ்ஷை எடுத்துட்டு வந்தா. யார் சொல்வா?" கைக்குட்டையை உள்ளே வைத்தார். "சரி ரோவன். நீ கஷ்டப்பட்டிருக்க, தெரியுது. ஆனா நாளைக்குப் பதில் சொல்லியாகணும். ஃபார்மை அனுப்பிடறேன்."

எங்கோ கதவு திறக்கும் சத்தம். பிப்பாவைக் காணவில்லை.

முன்னறை. கைப்பிடி தாழ்வாக இருக்கும், தள்ளினால் திறந்துகொள்ளும். நான் போனபோது உள்ளே இருந்தாள். திரை மூடியிருந்தது. கட்டில். எலின் படுக்கும் பக்கத்து மேஜையில் அவள் மூக்குக்கண்ணாடியும், பாதியில் கவிழ்த்த புத்தகமும். தூசி வாசனை. பிப்பா தரையில் உட்கார்ந்து பூட்ஸால் பலகையை உதைத்தாள். கீழே காலியாக இருப்பதால் பறை மாதிரி சத்தம் வந்தது. மறுபடி உதைத்தாள்.

கோரல் என் பின்னால் வந்து நின்றார். மூக்கால் இழுத்துப் பார்த்தார். சுவரோரம் குனிந்து பலகையில் உள்ளங்கையை வைத்தார். அப்படியே கொஞ்ச நேரம் இருந்தார்.

"இது காய்ஞ்சுதானே இருக்கு?"

"ஆமா."

"எப்பவுமேவா?"

"மரத்தரை. அடியில காத்து ஓடுது. எப்பவுமே."

"ஜூன்லயும்?"

"ஜூன்லயும்."

அவர் எழுந்தார். முழங்கால் சொடக்கியது.

"நீ எங்க படுக்கற?"

"சோபால."

"ஏழு வாரம்" என்றார். "ஏழு வாரமா, அறுபத்திமூணு வயசுல, தினம் ராத்திரி மூணு தடவை எழுந்திருக்கறேன். அவ என் முகத்துல கால் போட்டுத் தூங்கறா. இங்க ஒரு ரூம் சும்மா கிடக்கு. நீ அந்தப் பக்கம் ஒரு பெட்டியைக் கவுத்து வெச்சுட்டு நம்பர் எழுதிட்டு இருக்க."

"டாக்டர் அந்த ரூம்லன்னுதான் சொன்னார். இந்த ரூமைப் பத்தி யாரும் ஒண்ணும் சொல்லல. நானும் யோசிக்கல." அது முழு உண்மை இல்லை. "இதைத் திறக்க முடியல."

அவர் என்னைத் திட்டப் போகிறார் என்று நினைத்தேன். கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார். எலின் பக்கம்.

"நானும் கேட்டிருக்கலாம்" என்றார். "முன்ரூம் எப்படியிருக்குன்னு ஒரு வார்த்தை. அன்னைக்கே. கேக்கத் தோணல. கேக்க வேண்டாம்னு தோணிச்சு."

பிப்பா பலகையை உதைத்துக்கொண்டே இருந்தாள்.

"ஃபார்மை அனுப்பாதீங்க கோரல்" என்றேன். "அவ இங்க இருக்கட்டும். இன்னைக்கே. இந்த ரூம்ல."

"அழுவா. உன்னால முடியுமா?"

"தெரியல."

"நேர்மையான பதில்தான்." எழுந்து திரையை இழுத்துத் திறந்தார். வெளிச்சத்தில் தூசி எழும்பியது. "இதுல படுக்க வெச்சா தும்மல்தான் வரும். உறையெல்லாம் கழட்டு. தொட்டில் எங்க?"

"ஷெட்ல."

தொட்டிலைக் கொண்டுவந்து தட்டித் துடைத்துப் பூட்டினேன். கோரல் கட்டில் விரிப்புகளை உருவினார். தலையணை உறையை மட்டும் முகத்தருகே ஒரு நொடி பிடித்துவிட்டு மற்றதோடு போட்டார். கண்ணாடியையும் புத்தகத்தையும் நான் மேஜை இழுப்பறைக்குள் வைத்தேன். புத்தகத்தை மூடாமல், அப்படியே கவிழ்த்து. சூப்பு குடித்தோம். உட்கார்ந்துதான். கோரல் காருக்குப் போய்ப் பெரிய பையைத் தூக்கிக்கொண்டு வந்தார். குழந்தையின் துணிகள், மருந்து, முயல் பொம்மை, எல்லாம்.

"முன்னாடியே கட்டிட்டுத்தான் வந்தீங்களா?"

"சரியா இருந்தா விட்டுட்டு வர்றேன்னு சொன்னேனில்ல? சொன்னதைச் செய்யறவ நான்." மூச்சு மருந்தை எடுத்துக் காட்டினார். எத்தனை அழுத்து, எப்போது, மருந்து மாட்டும் குடுவையை எப்படி மூக்கையும் வாயையும் மூடி வைப்பது. என்னைச் செய்து காட்டச் சொன்னார். செய்தேன். "தலையைப் பிடிச்சுக்கோ. திமிறுவா. விட்டுடாத."

மூன்றரை மணிக்குக் கிளம்பினார். பிப்பா என் கையில். கார் கதவு சாத்தியதும் புரிந்துகொண்டாள். உடம்பை வில்லாக வளைத்தாள்.

"அம்மா! அம்மா!"

கோரல் கார்க் கண்ணாடியை இறக்கினார். முகம் சிவந்திருந்தது.

"பாட்டி" என்றார். "பாட்டி, செல்லம். பாட்டி சனிக்கிழமை வருவேன்."

கார் தெருமுனையில் திரும்பியது. பிப்பா என் காதில் அடித்தாள். உள்ளே தூக்கிக்கொண்டு போனேன். கூடத்திலிருந்து சமையலறை, சமையலறையிலிருந்து கூடம். நின்றால் இன்னும் சத்தமாக அழுதாள். அதனால் நிற்கவில்லை. முயலைக் கொடுத்தேன், எறிந்தாள். அழுகைக்கு நடுவே மூச்சை இழுக்கும்போது காது கொடுத்துக் கேட்டேன். விசில் இல்லை. மறுபடி கேட்டேன். இல்லை. ஃப்ரிட்ஜ் கதவில் இருந்த அட்டவணையில் நாலேகாலுக்கு ஏற்றம் என்று போட்டிருந்தது. அதைத் தாண்டி நடந்தேன்.

பின்னறைக் கதவருகே திரும்பும்போது காலை உதறினாள். ஒரு பூட்ஸ் கழன்று பறந்து, அறைக்குள், மணல் தரையின் நடுவில் போய் விழுந்தது. அழுகை நின்றது. எங்கே போனது என்று பார்த்தாள்.

"பூட்ஸ்" என்றாள். என்னிடம்.

"எடுக்கலாம்."

இறுகியிருக்கும், நடக்கலாம் என்று ஜஸிந்தா சொல்லியிருந்தாள். கதவோரப் பளபளப்பை ஒரே எட்டில் தாண்டினேன். காலடியில் மணல் நறநறத்தது. குனிந்து எடுத்தேன். அவள் காலை நீட்டினாள். இடது காலா வலது காலா என்று கேட்டேன். யோசித்தாள். மாட்டிவிட்டேன். இரண்டு கால்களையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு ஞாபகம் வந்து மறுபடி அழ ஆரம்பித்தாள். நான் மறுபடி நடந்தேன்.